நுனி ஒடிந்த ஃபர் மரம்

என் வீட்டுக்காரர் வில்ஃப்ரெட் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இப்போது ஞாயிறுதோறும் எங்கள் ஊர் மரப்பூங்காவுக்கு வருகிறவர்களைச் சம்பளமில்லாமல் சுற்றிக் காட்டுகிறார். விக்டோரியா காலத்துப் பிரபு ஒருவர் நட்ட பூங்கா அது. இவர் பேச்சைக் கேட்டால் ஒவ்வொரு குழியையும் இவரே வெட்டியதுபோல் இருக்கும்.

அதிலும் ஏரிக்கரையில் நிற்கும் ஃபர் என்ற ஊசியிலை மரத்தடிக்கு வந்துவிட்டால் தலைகால் புரியாது. சுற்றுவட்டாரத்திலேயே உயரமான மரம். குன்றுக்கு அந்தப் பக்கத்துப் பூங்காவிலும் ஒரு ஃபர் உண்டு, இதைவிட ஆள் உயரம் குட்டை. அதைச் சொல்லிக் காட்டாமல் எந்தச் சுற்றையும் முடித்ததில்லை.

போன வாரப் புயலில் எங்கள் மரத்தின் நுனி ஒடிந்து விழுந்தது. மனிதர் சரியாகச் சாப்பிடவில்லை. விழுந்த நுனியில் இருந்த காய்களை மட்டும் பொறுக்கிவந்து, விதைபோட வேண்டுமென்று கோட்டுப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தார். அந்த ஞாயிறு பார்த்தா அந்தப் பக்கத்துப் பூங்காக்காரர்கள் வர வேண்டும்?

"ஏரிப் பக்கமே போகாதீங்க. மேப்பிள் மரத்துல இலையெல்லாம் நல்லா செவந்திருக்கு, அதக் காட்டி அனுப்பிருங்க" என்றேன்.

"ஒளிச்சு வச்சுக் காப்பாத்துறதெல்லாம் ஒரு பெருமையா?" என்று தொப்பியை மாட்டிக்கொண்டு கிளம்பினார். தேநீர்க் குடுவையோடு நானும் பின்னால் போனேன்.

மரத்தடியில் தொண்டையைச் செருமினார். "இத்தன வருசமா இதான் ஒசத்தின்னு பீத்திக்கிட்டிருந்தேன். நுனி போயிருச்சு. இனிமே உங்க மரந்தான் ஒசத்தி."

யாரும் சிரிக்கவில்லை. அவர்களை அழைத்துவந்த பெவர்லி அம்மாள் குனிந்தபடி நின்றார்.

"எங்க மரம் அதே காத்துல வேரோட சாஞ்சிருச்சு, வில்ஃப்ரெட். எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் வந்தேன்."

போட்டியே இல்லாமல் ஜெயித்துவிட்டாரே, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பாரா?

தொப்பியைக் கழற்றினார். கோட்டுப் பையில் கைவிட்டு, காய்களையெல்லாம் அள்ளி அந்த அம்மாளின் கையில் கொட்டினார்.

"நுனியில காய்ச்சது. போட்டு வளருங்க. எங்கள மிஞ்சிக் காட்டுங்க பாப்போம்."

"மிஞ்சாம விடமாட்டோம்" என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"கிழிச்சீங்க! நூறு வருசம் ஆகும்."

"ஆகட்டுமே. அதுவரைக்கும் உம்ம வாய் ஓயவா போவுது?"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. விருந்தாளிகள் சுற்றி நிற்க, முதல் கோப்பைத் தேநீரை என் வீட்டுக்காரருக்குத்தான் ஊற்றிக் கொடுத்தேன்.