செல்வராசாவின் ‘ஓம்’

செல்வராசாவின் வாயில் ‘ஓம்’ என்பது ‘ஆம்’ என்ற சம்மதமே இல்லை. எதிரே ஒருவர் கதைத்தால் அதற்குத் தாளம் போடுவது, அவ்வளவுதான். “இண்டைக்கு வெயில் கூட” என்றாலும் ஓம். “உனக்கு விசர், பைத்தியம்” என்றாலும் ஓம். “வாயை மூடிக்கொண்டு கேக்கேலாதோ?” என்று மனைவி ராஜினி ஏசினால், அதற்கும் ஓம்தான்.

விசுவமடுவில் உழவு இயந்திரம் ஓட்டிப் பிழைப்பவன். மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். அவன் வருடக்கணக்காக உழுத வயல் சிற்றம்பலத்தினுடையது. அவருடைய தண்ணீர்ப் பம்பு களவு போனதும் மனுசன் வேறு யாரையும் யோசிக்கவில்லை. “தோட்டக்காட்டுப் புத்தி” என்று பொலிசுக்குப் போய்விட்டார். அப்படிச் சொல்ல அவருக்கு வாய் கூசவில்லை.

பொலிஸ் நிலையத்தில் ஒருவர் கதிரையில் சாய்ந்துகொண்டு கதை முழுவதையும் தானே சொன்னார்.

“வயலுக்குப் போனாய்.”

“ஓம்.”

“பம்பைக் கழட்டினாய்.”

“ஓம்... இல்லை ஐயா, நான் எடுக்கேல்லை.”

‘ஓம்’ மட்டும் எழுதப்பட்டது. ‘இல்லை’ அந்த மகாராசாவின் காதில் விழவில்லை. விழுந்தாலும் எழுதுகிற உத்தேசம் அவருக்கு இல்லை. கன்னத்தில் இரண்டு விழுந்தபின் கையெழுத்தும் விழுந்தது.

மறியல் சிறையில் கிடந்தவனைப் பார்க்க வழக்கறிஞர் கௌசலா வந்தார். “இனி ஒருத்தருக்கும் ஒண்டும் சொல்லாதேங்கோ அண்ணை. கூண்டிலயும் நீங்கள் கதைக்கத் தேவையில்லை.”

“ஓம்” என்றான். அவருக்கே பயம் வந்துவிட்டது.

ஆனால் வழக்கு முடியும்வரை அவன் வாய் திறக்கவில்லை. பொலிசுக்குக் கொடுத்த ஒப்புதல் சாட்சியமாகாது என்றார் நீதவான். தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்லும்படி யாரையும் நெருக்க முடியாது, பேசாமல் நின்றதைக் குற்றமாக எடுக்கவும் முடியாது. வேறு சாட்சியமும் இல்லை. விடுதலை.

ஊர் அந்தத் தீர்ப்பைக் காலால் தள்ளியது. “களவெடுக்காதவன் ஏன் வாயைப் பொத்திக்கொண்டு நிண்டவன்?” கடையிலும் இதே கதை, குளத்தடியிலும் இதே கதை.

ஒருநாள் சிற்றம்பலம் அவன் வீட்டு வாசல் படலைக்கே வந்துவிட்டார். “கோட்டில கதைக்காமல் தப்பிட்டாய். எனக்குச் சொல்லு. எடுத்தனியோ, இல்லையோ? இல்லையெண்டால் நாளைக்கே உழவுக்கு வா.”

அந்த வயல் போனால் அடுப்பு எரியாது. ‘இல்லை’ என்ற ஒரு சொல் போதும். சொல்லச் சொல்லி ராஜினி பின்னாலிருந்து அவன் முதுகில் இடித்தாள்.

“பொலிசுக்குப் போக முதல் இதை என்னட்டைக் கேட்டிருக்கலாம்” என்றான் செல்வராசா. “இனி உங்களுக்குச் சொல்லமாட்டன்.”

படலையைச் சாத்தினான். அந்தப் போகம் சிற்றம்பலத்தின் வயலை வேறொருவன் உழுதான்.