துணைக்கு வந்தவளுக்குப் பிரஷர்

நான் சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க. பக்கத்துலயே நின்னு பார்த்த நானே நம்பல.

எங்க வீட்டுல ரெண்டு மருமகள். அண்ணன் பொண்டாட்டி அவ, தம்பி பொண்டாட்டி நான். அவளை நான் அக்கான்னுதான் கூப்பிடுவேன். ஒரே வீடு, ஒரே அடுப்படி. "ரெண்டு ஓர்ப்படியும் அடிச்சுக்காம எப்படிடி இருக்கீங்க?"ன்னு கேக்காத ஆள் இல்ல. அதுல எனக்கு ஒரு பெருமையும் கிடையாது. நான் எவ்வளவு குதிச்சாலும் அவ எதிர்த்துப் பேசினாத்தானே சண்டை!

நான் பஸ்ல கண்டக்டர். "உள்ள போங்க, படியில தொங்காதீங்க"ன்னு காலையில ஆரம்பிச்சா தொண்டை வத்துற வரைக்கும் கத்தல்தான். அதே பழக்கத்துல வீட்டுல உப்பு எங்கேன்னு கேட்டாக்கூட பக்கத்து வீட்டுக்காரி ஜன்னல்ல எட்டிப் பார்ப்பா. "இப்படிக் கத்தினா உனக்குத்தான்டி பிரஷர் வரும்"னு என் மாமியார் சொல்லாத நாள் இல்ல. எனக்கும் உள்ளுக்குள்ள உதறல்தான்.

அக்கா வேலை பாக்குறது வீட்டுச் சாமான் ரிப்பேர் பண்ற சர்வீஸ் சென்டர்ல. புகார் கவுண்டர். முன்னாடி ஒரு கண்ணாடி, கீழே கை நுழையற அளவுக்கு ஓட்டை. வர்றவன் யாரும் நல்ல மூடுல வரமாட்டான். நேத்து சரி பண்ணின வாஷிங் மெஷின் இன்னைக்கு வீடு பூரா தண்ணி விட்டிருக்கும். அயர்ன் பாக்ஸைக் கொண்டுவந்து அவ முகத்துக்கு நேரா டொம்முனு வைப்பான். அவளோ, "சொல்லுங்க, கேட்டுக்கிட்டிருக்கேன்"னுவா. சாப்பாட்டு நேரத்துல வைக்கிறதுக்குன்னு "கவுண்டர் மூடியுள்ளது, காத்திருக்கவும்"னு ஒரு போர்டு குடுத்திருக்காங்க. அதை அவ வச்சதே இல்ல. நிக்கிறவங்க முகத்தைப் பார்த்தா பாவமா இருக்காம். டிபன் பாக்ஸை மடியில வச்சுக்கிட்டு, ஒரு வாய் சாப்பாடு, ஒரு புகார்னு சாப்பிட்டு முடிப்பா.

வீட்டுக்கு வந்தா இங்கேயும் அதே கதைதான். பையை இறக்கி வைக்கிறதுக்குள்ள மாமியார் முழங்கால் வலியைச் சொல்லுவாங்க. அவ புருஷன் ஆபீஸ் அரசியலை எடுத்து விடுவார். என் பொண்ணு கணக்குப் பாடத்தோட நிப்பா. கடைசியா டிப்போல இருந்து நான் வருவேன், சட்டினி மாதிரி அரைபட்டு. காய் நறுக்கிக்கிட்டே அன்னைக்கு எனக்கு நடந்த அக்கிரமம் எல்லாத்தையும் அவகிட்ட கொட்டித் தீர்த்தாத்தான் எனக்குச் சோறு இறங்கும். அவ "ம்", "அப்படியா", "விடுடி"ன்னு கேட்டுக்குவா. அவளுக்குக் கோபமே வராதுங்கிறது எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்.

ஒருநாள் டிக்கெட் கிழிக்கும்போதே எனக்குத் தலை கிறுகிறுன்னு சுத்துச்சு. சரிதான், மாமியார் வாக்கு பலிச்சுருச்சுன்னு நினைச்சேன். அக்காவைத் துணைக்குக் கூட்டிக்கிட்டு கிளினிக்குக்குப் போனேன். வழியெல்லாம் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "ஒண்ணும் இருக்காதுடி"ன்னு தைரியம் சொல்லிக்கிட்டே வந்தா.

நர்ஸ் என் கையில பட்டையைச் சுத்திப் பார்த்தா. "நல்லாத்தானே இருக்கு? காலையில சாப்பிட்டீங்களா?"ன்னா. சாப்பிடல. அவ்வளவுதான் சங்கதி. எனக்குத் தலைகால் புரியல. அந்த சந்தோஷத்துல, "இவங்களுக்கும் சும்மா ஒரு தடவை பாருங்களேன்"னேன். சத்தியமா விளையாட்டுக்குத்தான் சொன்னேன்.

நர்ஸ் பார்த்தா. பட்டையைக் கழட்டித் திரும்பச் சுத்தினா. அடுத்த கையில பார்த்தா. அவ முகத்துல இருந்த சிரிப்பு போயிருச்சு. "அம்மா, நீங்க இங்கேயே படுத்துக்கோங்க, எந்திரிக்காதீங்க"ன்னு சொல்லிட்டு டாக்டரைக் கூப்பிட ஓடினா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. டாக்டரம்மா வந்ததும் பிடிச்சுக்கிட்டேன். "உங்க மெஷின் ரிப்பேருங்க! கத்துறவ நானு, பிரஷர் அவளுக்கா? வேற மெஷின் கொண்டாங்க!" அவங்க பேசாம வேற ஒண்ணு கொண்டாந்து பார்த்தாங்க. அதுலயும் அதேதான். "இவ்வளவு பிரஷரோட எப்படி நடந்து வந்தாங்க? இதை இப்படியே விட்டா மூளையில ரத்தக்குழாய் வெடிக்கலாம், கை கால் விழுந்துரலாம்"னாங்க.

"தலைவலி உண்டா?"

"எல்லாருக்கும் வர்றதுதானே," அக்கா சொன்னா.

"பிடரி?"

"அது ரொம்ப நாளா இருக்கு. யாரோ கையை வச்சு அழுத்திப் பிடிச்ச மாதிரி. நாற்காலி சரியில்லைன்னு நினைச்சேன்."

அடிப்பாவி! ஒரே அடுப்படியில தோளோட தோள் உரசி நிக்கிறோம், இது எனக்குத் தெரியாது. அவ புருஷனுக்கும் தெரியாதுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது.

"பிரஷருக்குப் பல காரணம் இருக்கும்," அவ வேலை, வீடு எல்லாத்தையும் விசாரிச்சுட்டு டாக்டரம்மா சொன்னாங்க. "மாத்திரையை நிறுத்தக் கூடாது, உப்பைக் குறைக்கணும். ஆனா நாள் பூரா அடுத்தவங்க கோபத்தை வாங்கி உள்ளே வச்சா உடம்பு சும்மா இருக்குமா? வெளியில காட்டலைன்னா அது இல்லைன்னு அர்த்தமா? தினமும் கொஞ்ச நேரமாவது யாரும் உங்ககிட்ட எதையும் இறக்கி வைக்காம பாத்துக்கோங்க."

அக்கா தலையாட்டினா. அவ எல்லாத்துக்கும்தான் தலையாட்டுவா.

நான் விடுவேனா? அன்னைக்கே அவளை மொட்டை மாடிக்கு இழுத்துக்கிட்டுப் போனேன். "கத்து அக்கா! உள்ள இருக்கிறதெல்லாம் வெளிய வரட்டும். என்னைப் பாரு, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்!" அவ கண்ணை மூடி, மூச்சை இழுத்து, வாயைத் திறந்தா. பூனைக்குட்டி கத்தின மாதிரி என்னமோ வந்துச்சு. காய வச்ச துணிக்கு நடுவுல உட்கார்ந்து ரெண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரிச்சோம். சிரிச்சு முடிச்சதும் அவ மறுபடி பிடரியைத் தேய்ச்சுக்கிட்டா.

மாத்திரை முடிஞ்சு திரும்பிப் போனா, கொஞ்சம்தான் இறங்கியிருந்துச்சு. டாக்டரம்மா மாத்திரையைக் கூட்டி எழுதிட்டு, "நான் சொன்ன இன்னொண்ணு என்னாச்சு?"ன்னாங்க. அக்கா தரையைப் பார்த்தா. எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. இவளுக்கு ஏதாவது ஒண்ணு ஆயிட்டா நாங்க எங்க போவோம்? அந்த நினைப்பே என்னைக் கொன்னுச்சு.

மறுநாள் சாயங்காலம் அக்கா வேலை விட்டு வந்தா. பையை வச்சா, முகம் கழுவினா. கூடத்து ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தா. பைக்குள்ள இருந்து அந்த போர்டை எடுத்து, முன்னாடி ஸ்டூல் மேல நிறுத்தி வச்சா.

கவுண்டர் மூடியுள்ளது. காத்திருக்கவும்.

முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு வந்த மாமியார் பேயறைஞ்ச மாதிரி நின்னுட்டாங்க. அவ புருஷன் போர்டைப் படிச்சார், அவளைப் பார்த்தார், திரும்பவும் படிச்சார். என் பொண்ணு கணக்கு நோட்டை முதுகுக்குப் பின்னாடி ஒளிச்சுக்கிட்டா. அக்கா யாரையும் பார்க்கல. ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுக்காரன் சைக்கிள் துடைக்கிறதைப் பார்த்துக்கிட்டே காபியை ஆற அமரக் குடிச்சா. நான் பூரிச்சுப் போனேன். "எல்லாரும் கேட்டுக்கோங்க, இனிமே அக்காவை யாரும் தொந்தரவு பண்ணக் கூடாது!"ன்னு தெருவுக்கே கேக்குற மாதிரி சட்டம் போட்டேன்.

அந்த வாரக் கடைசியில ஒருத்தன் பஸ்ல என்னைக் கண்டபடி பேசிட்டான். ரத்தம் கொதிக்க வீட்டுக்கு வந்தேன். செருப்பை உதறும்போதே ஆரம்பிச்சுட்டேன். "அக்கா, இந்தக் கேவலத்தைக் கேளேன், இன்னைக்கு ஒருத்தன்…"

அக்கா கையை நீட்டி, போர்டை என் பக்கம் திருப்பினா.

எனக்கா? எனக்கே போர்டா? டாக்டர்கிட்ட கூட்டிக்கிட்டுப் போனவ நானு! மாமியார் வேற முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறாங்க. அடுப்படிக்குப் போய் பாத்திரத்தையெல்லாம் உருட்டினேன். யாரும் வரல. கோபத்தைத் தனியா எவ்வளவு நேரம்தான் வச்சுக்கிட்டு நிக்கிறது? வெங்காயம் நறுக்கி முடிக்கிறதுக்குள்ள அந்த ஆளோட மூஞ்சிகூட மறந்து போச்சு.

அப்புறம் அக்கா உள்ள வந்தா. போர்டு அவ அக்குள்ல இருந்துச்சு.

"திறந்தாச்சா?"ன்னேன், முகத்தைத் திருப்பிக்கிட்டே.

"ம். ஆனா இன்னைக்கு நான் சொல்றேன். நீ உட்காரு."

உட்கார்ந்தேன். இத்தனை வருஷத்துல அவ அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்ல. மாமியாரைப் பத்தி வரும், புருஷனைப் பத்தி வரும்னு காதைத் தீட்டிக்கிட்டு இருந்தேன்.

முதல் புகாரே என்னைப் பத்தித்தான்.

"தெருமுனையில உன் குரல் கேக்கும்போதே எனக்குப் பிடரி இறுகிடும்டி," அப்படின்னா. குரல் நடுங்குச்சு, ஆனா நிறுத்தல. "இன்னும் இருக்கு. சொல்லட்டுமா?"

எனக்குச் சுர்ருன்னு ஏறுச்சு. பதில் நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. அவ கை அதுக்குள்ள பிடரிக்குப் போயிருந்துச்சு.

"சொல்லுக்கா," அப்படின்னேன். "கேட்டுக்கிட்டிருக்கேன்."