பௌர்ணமியன்று தலையில் போன கம்ப்யூட்டர்

"பொட்டியத் தொறக்கறது சுலபம். மூடறது யாரு?" என்று சித்தப்பா கேட்டார், செத்துப்போன என் கம்ப்யூட்டரை நான் கழற்றியபோது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இந்த மாதிரிக் கேள்விகள் பழக்கம்தான். ஆனால் திங்கட்கிழமை, ஊரில் நான் நடத்தும் கம்ப்யூட்டர் வகுப்பின் ஏழு மாணவிகளுக்குச் செய்முறைத் தேர்வு. இருப்பது இந்த ஒரே கம்ப்யூட்டர். அது ஓடாவிட்டால், பெண்களை அவர்கள் வீட்டில் மறுபடி வகுப்புக்கு அனுப்ப மாட்டார்கள்.

2003, ஒரு சனிக்கிழமை காலை எட்டு மணி. கீழ்பென்னாத்தூரில் பஸ் ஏறினேன். திருவண்ணாமலை சுமார் இருபது கிலோமீட்டர். எனக்கு ஆறு ரூபாய், பெட்டிக்கு மூன்று ரூபாய். இரண்டு பக்கமும் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலைக் கொல்லைகள். மலை தெரிந்ததும் பஸ் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. அன்று பௌர்ணமி. இந்தப் பக்கத்தில் பிறந்தவள் மறக்கக் கூடாததை மறந்திருந்தேன்.

ஆட்டோவையும் உள்ளே விடவில்லை. துப்பட்டாவைச் சும்மாடு சுற்றிப் பெட்டியைத் தலையில் ஏற்றினேன். கடைவரை இரண்டு கிலோமீட்டர். கிரிவலக் கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. ஒரு அம்மா பக்கத்தில் வந்து, "உள்ள இன்னா சாமி போவுது?" என்றார்.

"சாமி இல்லக்கா, கம்ப்யூட்டரு. செத்துப்போச்சி."

"அப்ப ஒரு சுத்து சுத்திட்டுப் போ. பொழச்சிக்கும்."

பத்தரைக்குத் தேரடி வீதி மாடிக் கடையை அடைந்தேன். கடைக்காரப் பாய் எனக்கு முதலில் தண்ணீர் கொடுத்தார், பிறகுதான் பெட்டியைத் திறந்தார். என் பழைய பிராசஸர் அட்டை மாதிரி நிமிர்ந்து நிற்கும் வகை. அதற்கான மதர்போர்டு இப்போது வருவதில்லை. இரண்டையும் மாற்ற வேண்டும். என் பழைய மெமரி பொருந்துகிற போர்டு ஒன்று அவரிடம் இருந்தது.

"இதுல இந்தப் பிராசஸரப் போட்டுக்கமா. வேகம் ஜாஸ்தி, வெல கம்மி."

"இந்த போர்டோட புத்தகம் இருக்குங்களா பாய்?"

"எட்டு வருசமா கட வச்சிருக்கேன், புத்தகம் கேட்ட மொத ஆளு நீதாம்மா." டீத் தட்டுக்கு அடியிலிருந்து உருவிக் கொடுத்தார்.

விரல் வைத்துப் படித்தேன். அந்தப் போர்டில் ஓடும் பிராசஸர்களின் பட்டியலில் அவர் சொன்னது இல்லை. "குழியில உக்காரும் பாய், ஆனா ஓடாது. இதுக்கு வேற வோல்டேஜ் வேணும்."

"குழி ஒண்ணுதானேம்மா? போட்டுத்தான் பாப்போமே."

போட்டார். மின்விசிறி சுற்றியது, திரை இருட்டாகவே இருந்தது. பாய் சிரித்துவிட்டார். பட்டியலில் இருந்த 866 மெகாஹெர்ட்ஸ் பிராசஸரைத் தேடி எடுத்துப் பொருத்தினார். திரையில் வெள்ளை எழுத்துகள் வந்தன. என் பழைய மெமரி, பழைய ஹார்டு டிஸ்க், இரண்டையும் அது கண்டுகொண்டது.

"புத்தகத்த நீயே வச்சிக்க. நான் படிக்கப் போறதில்ல."

மூன்று மணி பஸ்ஸில், பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு ஜெராக்ஸ் கடைக்கார அக்கா பெட்டியைப் பற்றி விசாரித்தார். அவர் கடையிலும் ஒரு கம்ப்யூட்டர் ஓடாமல் ஆறு மாதமாகத் துணி போட்டு மூடிக் கிடக்கிறதாம். எங்கள் ஊர் வந்ததும் நான் இறங்கவில்லை. இன்னொரு டிக்கெட் எடுத்தேன், அவர் ஊருக்கு.