மூடி போட்டால் கத்தும் சர்க்யூட்

செயற்கைக்கோளிலிருந்து வரும் சிக்னல் தரைக்கு வந்து சேரும்போது குற்றுயிராக இருக்கும். அதை இரைச்சல் சேராமல் பெரிதாக்கித் தரும் சர்க்யூட்டை வடிவமைப்பதுதான் ஓசூரில் என் பிழைப்பு. தட்டையான பலகையில் வரிசை வரிசையாகக் குட்டி ஆன்டெனாக்கள் இருக்கும். ஒவ்வொன்றின் முதுகிலும் அப்படி ஒரு சர்க்யூட். என்னுடையது தேர்வானால் பலகை முழுக்க நான்தான். தேர்வாகிவிடும் என்று காவேரிப்பட்டினத்து மாமனார் வீடு வரைக்கும் பீற்றியிருந்தேன். செயற்கைக்கோளையே நான்தான் கயிறு கட்டி இழுத்துப் பிடித்திருக்கிறேன் என்று அவர்கள் நம்பினார்கள். நானும் மறுக்கவில்லை.

பெங்களூரிலிருந்து வாடிக்கையாளர்கள் வருவதற்கு முந்தின வாரம்தான் என் சர்க்யூட்டின் உலோக மூடியை முதன்முறையாகப் போட்டுப் பார்த்தேன். அதுவரை எல்லாச் சோதனையும் திறந்த மேனிக்குத்தான். அத்தனை ஸ்க்ரூவையும் யார் முடுக்குவது? மூடியதும் அலைகள் உள்ளேயே முட்டித் திரும்பி, சர்க்யூட் தானாகக் கத்த ஆரம்பித்தது. காதுக்குக் கேட்காது, அளவுக் கருவியின் திரையில் கோடு தாறுமாறாகத் துள்ளும். திறந்தால் பசு, மூடினால் பேய். இட்லி வெந்ததா என்று பார்ப்பவன் போல மூடியைத் தூக்குவதும் வைப்பதுமாக இருந்தேன். வேர்வையில் கண்ணாடி வழுக்கி மூக்கு நுனியில் தொங்கியது.

பக்கத்து இருக்கை நண்பனிடம் மட்டும் சொன்னேன். அவனும் வடிவமைப்பாளன்தான். மூக்கண்டப்பள்ளி டீக்கடையில் வைத்துச் சிரித்தான்.

"இதுக்குப் போயி ஏன் மாப்ள எழவு வீட்டு மூஞ்சி? மூடிக்கு அடியில அலைய உறிஞ்சற கருப்பு ஷீட்டு ஒட்டுனா கம்முனு கெடக்கும். நான் வாங்கியாறேன். மேனேஜர் காதுல மட்டும் போட்டுறாத, பயந்துக்குவாரு."

மேனேஜர் காதில் போடவில்லை. ஷீட்டும் வரவில்லை. "ஸ்டாக் இல்லியாம் மாப்ள. தொறந்தே காட்டு. யாரு மூடச் சொல்லப் போறா?"

வந்தவர்கள் திரையில் ஓடிய கோட்டைப் பார்த்துத் தலையாட்டினார்கள். எனக்கு மூச்சு திரும்பியது. அப்போது நண்பன் எழுந்து, அவர்களுடைய கன்னடத்திலேயே தேனாகக் கேட்டான்: "ஒந்த்சல முச்சள ஹாக்கி நோடோணா சார்?" ஒருமுறை மூடி போட்டுப் பார்ப்போமா என்று.

போட்டார்கள். கோடு முள்ளம்பன்றியாகச் சிலிர்த்தது. மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் ஏனோ அந்த மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நண்பன் தன் இழுப்பறையிலிருந்து அவனே வடிவமைத்த சர்க்யூட்டை எடுத்து வைத்தான். மூடியைத் திருப்பிக் காட்டினான். அடியில் கருப்பு ஷீட், ஓரம் பிசிறாமல் வெட்டி ஒட்டியிருந்தது.

பலகை முழுக்க இப்போது அவன்தான்.

"மனசுல வெச்சுக்காத மாப்ள, வேலைன்னா அப்பிடித்தான்" என்றான் சாயங்காலம்.

"வெச்சுக்கறதுக்கு எடம் எங்கடா இருக்கு, உள்ள பூரா கத்திக்கிட்டு கெடக்குது" என்றேன். என்னைவிட அவன்தான் அதிகம் சிரித்தான்.

இன்றும் அதே இருக்கைகள்தான். ஜோக் சொல்கிறேன், தொடையைத் தட்டிச் சிரிக்கிறான். சர்க்யூட் கோளாறு செய்கிற நாளில் மட்டும் மொட்டைமாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டியிடம் புலம்பிவிட்டு இறங்கி வருகிறேன்.