காய்ச்சல் விட்ட ஞாயிற்றுக்கிழமை

பிரேசிலின் மினாஸ் மலைக் காப்பித் தோட்டங்களுக்குள் இருநூற்றுப் பதினாறு வீடுகள் சுகாதாரப் பணியாளர் செனய்டியின் பொறுப்பில் இருந்தன. ஜனவரியில் காட்டில் ஊளைக் குரங்குகள் செத்து விழத் தொடங்கியதுமே நர்சை இழுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினாள். எல்லோருக்கும் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டாயிற்று. மிஞ்சியது சொந்தத் தம்பி அதெமில்சன் மட்டும்தான்.

ஆறடி ஆள், ஊசி என்றால் ஓட்டம். போதாக்குறைக்கு, குரங்குதான் நோயைப் பரப்புகிறது என்று நம்பிக் கம்பெடுத்துக் காட்டுக்குள் போனான். இரண்டை அடித்துக் கொன்றுவிட்டு வந்து பெருமையடித்தான்.

"நோயையே முடிச்சுட்டேன்க்கா. இனி ஊசி எதுக்கு?"

"அட மடையா! கடிக்கறது கொசுடா. குரங்கு பாவம், நமக்கு முன்னாடி செத்து எச்சரிக்குது. அதைப் போய் அடிச்சுட்டு, கொசுக்காட்டுல நாள் பூரா நின்னுட்டு வந்திருக்கியே!"

ஐந்தாம் நாள் அவனைக் காய்ச்சல் அடித்துப் போட்டது. தலைவலி, முதுகுவலி, வாந்தி. அக்காவுக்குத் தெரியாமல் மூன்று நாள் மறைத்தான். ஞாயிறு காலை செனய்டிக்கு விஷயம் எட்டி, அவள் வந்து நின்றபோது காய்ச்சல் விட்டிருந்தது. பீன்ஸும் சோறுமாக வெட்டிக்கொண்டிருந்தான்.

"பாத்தியா? சாதாக் காய்ச்சல். மத்தியானம் மேட்ச்ல நான்தான் கோல்கீப்பர்."

அவள் அவன் கீழிமையை இழுத்துப் பார்த்தாள். வெள்ளை விழியில் லேசாக மஞ்சள். இந்தக் காய்ச்சல் விட்டதுபோல விட்டு, மறுபடி வந்து ஈரலையும் சிறுநீரகத்தையும் பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"வலிக்கு என்ன மாத்திரை போட்டே?"

"ஆஸ்பிரின்."

"ரத்தம் கசியறதுக்கு நீயே வழி பண்ணியிருக்கே. வண்டில ஏறு."

"மேட்ச் முடிஞ்சு வர்றேன்க்கா."

"ஏறலேன்னா, ஊசிக்குப் பயந்து மாட்டுத் தொழுவத்துல ஒளிஞ்சியே, அதை மைதானத்துல மைக் போட்டுச் சொல்லுவேன்."

ஏறினான்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் ஈறில் ரத்தம் கசிந்தது. வாந்தி கறுப்பாக வந்தது. சிறுநீர் நின்றுபோனது.

"இதுக்குன்னு தனி மருந்து கிடையாதும்மா," என்றார் டாக்டர். "உடம்பு தானா மீளற வரைக்கும் தாங்கிப் பிடிக்கறோம். சிறுநீரகம் திரும்பினா ஆளும் திரும்புவாரு."

"நீங்க பிடிங்க டாக்டர். அவன் திரும்புவான்."

கொசுவலைக்குள் கிடந்தான். இயந்திரம் அவன் ரத்தத்தைச் சுத்தம் செய்தது. கட்டிலில் தொங்கிய சிறுநீர்ப் பை ஒன்பது நாள் காலியாகவே இருந்தது. பத்தாம் நாள் விடிந்ததும் பையின் அடியில் இரண்டு விரற்கடை அளவு நின்றது.

செனய்டி வராந்தாவுக்கு ஓடினாள்.

"என் தம்பி ஒன்னுக்குப் போயிட்டான்!"

முன்பின் தெரியாதவர்கள் கைதட்டினார்கள். ஊரையே அதட்டும் அவள், சுவரில் சாய்ந்து வாய்விட்டு அழுதாள்.