மாமாவின் மோட்டார் சைக்கிளும் எங்கள் தெருவின் நோன்பும்

என் மாமி வாய் பேசாதவ இல்லை. கோழியோடு கதைப்பா, முருங்கை மரத்தோடு கதைப்பா, மீன்காரனோடு கதைத்து அவனையே அழவைத்து அனுப்புவா. என்னோடு மட்டும் கதைக்கமாட்டா. எங்கள் பக்கத்தில் அது மரியாதை. மருமகன் முன்னால் மாமி வரமாட்டா. வரவேண்டி வந்தாலும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு சுவரோரமாகப் போய்விடுவா. எனக்குச் சொல்ல இருப்பதை என் மனைவியிடம் சொல்லுவா, நான் பக்கத்திலேயே குந்தியிருந்தாலும்.

"புள்ள, அவருட்டச் சொல்லு, தேங்கா முடிஞ்சிட்டு."

மனைவி என் பக்கம் திரும்பி, "தேங்கா முடிஞ்சிட்டாம்" என்பாள். "வாங்கிட்டு வாறன் எண்டு சொல்லு" என்பேன் நான். மூன்று பிள்ளைகள் பிறந்த பிறகும் எங்கள் வீட்டு நிருவாகம் இப்படி மொழிபெயர்ப்பில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

வீடு மாமி வீடு. எங்கள் ஊர்களில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வாழப் போகிறவன். நானும் ஒரு தகரப் பெட்டியும் ஒரு மிதி சைக்கிளுமாகப் போய்ச் சேர்ந்தவன். கட்டில் அவர்களுடையது, கிணறு அவர்களுடையது, என்னைக் கடித்த நுளம்புகூட அந்த வீட்டு நுளம்பு. அந்த வீட்டில் கேட்பாரில்லாமல் கிடந்த ஒரே சாமான், விறகுக் கொட்டிலுக்குள் இருந்த மோட்டார் சைக்கிள்தான். மாமியின் புருசன், மௌத்தாகி மண்ணுக்குள் போய்விட்ட மாமா, இறக்காமத்து வயலுக்குப் போய்வர ஓடிய வெள்ளைக்காரன் காலத்துச் சாமான். சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்தியது. பெற்றோல் டாங்கிக்குக் கீழே கோழி முட்டையிட்டது. மாமா போன நாளிலிருந்து மாமி அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை. விறகெடுக்கவும் பிள்ளைகளைத்தான் அனுப்புவா. அந்த இரும்பின் மேல் அவவுக்கு அவ்வளவு வெறுப்பு என்று நான் எனக்குள் முடிவு கட்டி வைத்திருந்தேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஜப்பான் மோட்டார் சைக்கிள்கள் கல்முனை ரோட்டில் இறங்கத் தொடங்கியிருந்தன. நான் வேலை செய்த பஸார்ப் புடவைக் கடைக்கு வேர்க்க வேர்க்க மிதித்துப் போகையில், நேற்றுக் கலியாணம் முடித்த பொடியன்மாரெல்லாம் சீதனத்துக்கு வாங்கிய புதுச் சைக்கிளில் பக்கத்தில் வந்து, "காக்கா, ஏறுறீங்களா?" என்று அண்ணன் முறை சொல்லிக் கேட்டுவிட்டு, நான் வாய் திறக்குமுன் போய்விடுவார்கள். அப்படி ஒருநாள் புழுதி குடித்து வந்த ஆத்திரத்தில்தான் வீட்டில் அறிவித்தேன்: மாமாவின் சைக்கிளை நான் ஓடவைக்கிறேன்.

மறுமொழி மனைவி வழியாக வந்தது. நோன்புப் பெருநாளைக்குள் அது ஓடினால் நானே வைத்துக்கொள்ளலாம். ஓடாவிட்டால் பழைய இரும்புக்காரனுக்கு. கொட்டிலில் இடம் வேண்டுமாம்.

நானே வைத்துக்கொள்ளலாம்! அந்த வீட்டில் எனக்கென்று ஒரு சாமான். நான் பாய்ந்து வேலையில் இறங்கினேன். அதாவது, கழற்றினேன். கழற்றுவது எவ்வளவு இன்பமான காரியம் என்று எனக்கு முன்பு தெரியாது. பூட்டுவது அப்படியில்லை என்பதும் தெரியாது.

மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு மோட்டார் சைக்கிளைக் கழற்றினால் அது வீடு முழுக்கப் பரவும். செயின் ஊஞ்சல் கயிறாயிற்று. முன் விளக்கு பாவைப்பிள்ளைக்கு மகுடமாயிற்று. நான் மண்ணெண்ணெயில் காபரேட்டர் ஊறப்போட்ட சட்டி எதுவென்று மறந்துவிட, அன்று பின்னேரம் மனைவி சுட்ட வடையைத் தின்றவர்கள் பக்கத்தில் யாரும் நெருப்புக்குச்சி கொளுத்தவில்லை. "இந்த வீட்டுல எது சமைக்கிற சட்டி, எது உங்கட சட்டி எண்டு எழுதி ஒட்டுங்க" என்றாள் மனைவி.

இன்னொரு நாள் சில்லுக்குள் இருந்த இரும்புக் குண்டுகளில் ஒன்றைக் காணவில்லை. கடைக்குட்டி வாயை அசைபோட்டுக்கொண்டு நின்றான். பிள்ளையைக் காலில் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி முதுகில் தட்டினேன், ஆஸ்பத்திரிக்குப் போக வாடகைக் கார் பிடிக்கச் சொல்லி அலறினேன், என் சாரத்தை நானே மிதித்து விழப்பார்த்தேன். குனிந்தபோது என் சட்டைப் பையிலிருந்து குண்டு விழுந்து உருண்டது. பிள்ளை வாயில் இருந்தது கொய்யாக்காய். தலைகீழாகத் தொங்கிய நிலையிலும் அவன் அதைத் துப்பவில்லை. தாய்வழி மன உறுதி.

இப்படியாக நோன்பு வந்து, நோன்பும் பாதி தாண்டிப்போனது. கச்சான் காற்றுக் காலம். வயல் பக்கத்திலிருந்து அடுப்பைத் திறந்துவிட்ட மாதிரி வீசும். அந்தக் காற்றுக்குக் கடற்கரைப் பக்கம் இருந்த எங்கள் பள்ளிவாசலின் பாங்குச் சத்தம் தெருவுக்குக் கேட்காது, கடலுக்குள் போய்விடும். ரேடியோவில் வரும் பாங்கு கொழும்பு நேரம். சூரியன் எங்களிடம் விடைபெற்றுக்கொண்டுதான் கொழும்புக்குப் போகும் என்பதால் அதை நம்பினால் பசியில் இன்னும் கொஞ்சம் வாடவேண்டும். ஆகவே எங்கள் தெரு நம்பியது ஒன்றைத்தான்: பள்ளிவாசல் வெளியில், இரும்புக் குழாயில் வெடிமருந்து இடித்துப் போடும் வெடி. 'டமார்' என்று கேட்டால் பேரீச்சம்பழம் வாய்க்குள் போகும். அவ்வளவுதான் சட்டம்.

அன்று சைக்கிளை ஒருவழியாகப் பூட்டி முடித்திருந்தேன். மிஞ்சிய இரண்டு நட்டுகளைச் சாரத்து மடியில் ஒளித்துக்கொண்டேன். மேற்கே மேகம் மூடி வெளிச்சம் மங்கியிருந்தது. விறாந்தையில் பாய் விரித்து, கஞ்சியும் சர்பத்தும் வைத்து, மாமியும் மனைவியும் பிள்ளைகளும் குந்தியிருந்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இதே கோலம்தான். தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. நேரம் கிடக்கிறதே, ஒருதரம் உதைத்துப் பார்ப்போம் என்று எனக்குத் தோன்றிற்று.

முதல் உதைக்கு ஒன்றுமில்லை. அடுத்ததுக்கு ஒரு இருமல். பெற்றோலைக் கொஞ்சம் அதிகமாகத் திறந்துவிட்டு, பிஸ்மிச் சொல்லி, முழுப் பாரத்தையும் போட்டு உதைத்தேன்.

டமார்!

நான் விறகுக்கு மேல் மல்லாக்க விழுந்தேன். காகங்கள் எழும்பிப் பறந்தன. அதன் பிறகு கேட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது: தெரு முழுக்க ஒரே வாயாக "பிஸ்மில்லாஹ்", தொடர்ந்து மடக் மடக்கென்று தண்ணீர் குடிக்கும் ஒலி.

என்ன நடந்தது என்று எனக்கு விளங்கிவிட்டது. விளங்கியதை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. பள்ளி வெடியும் என் சைக்கிளும் ஒரே நேரத்தில் வெடித்திருக்கலாமே? ஏன், ஏலாதா? விறாந்தைக்கு வந்தவனிடம் மனைவி சர்பத்தை நீட்டினாள். "வெடி போட்டாச்சு, குடிங்க." நானும் குடித்தேன். வெடிக்கவைத்தவனே அந்த வெடியை நம்பி நோன்பு திறந்தது உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மாமி மட்டும் பேரீச்சம்பழத்தைக் கையில் பிடித்தபடியே எழும்பிக் குசினிக்குள் போனா. கஞ்சிக்கு ஏதோ எடுக்கப் போகிறா என்று நினைத்தேன்.

நான் இரண்டாவது கோப்பைக் கஞ்சியில் இருக்கும்போது, கடற்கரைப் பக்கமிருந்து, நிதானமாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல் கேட்டது.

டமார்.

வேலிக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கோப்பைகள் கீழே வைபடும் ஒலி கேட்டது. மனைவி என்னைப் பார்த்தாள், கொட்டிலைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். நான் எழும்பி ஓடிப்போய்ச் சைக்கிளை ஓலையால் மூடினேன். ஓலை போதாமல் என் சட்டையையும் கழற்றிப் போட்டேன். சைலன்சர் இன்னும் புகைந்ததால் அதற்கு மேல் போய் உட்கார்ந்தேன். உடனே எழும்பினேன். அந்தித் தொழுகையான மஃரிபுக்குப் பள்ளிக்குப் போய் உளூச் செய்யக் கைகால் கழுவினால் கையிலிருந்த கிறீஸ் போகமாட்டேன் என்கிறது. வெடி போடுகிறவர், தான் போட்டது ஒன்றுதான் என்று சத்தியம் பண்ணிக்கொண்டு நின்றார். சுற்றி நின்றவர்கள் அவரைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார்கள்.

அடுத்த நாள் அஸர்த் தொழுகை முடிந்த பின்னேரம் மரைக்காயர் வந்தார். எங்கள் ஊரில் ஒவ்வொரு தாய்வழிக் குடிக்கும் பள்ளி விசயங்களைப் பார்க்க ஒரு மரைக்காயர். எங்கள் குடிக்கு அவர்தான். விறாந்தைக் கதிரையில் அமர்ந்தார். வேலிக்கு மேலே தலைகள் வரிசையாக முளைத்தன. நான் இரவெல்லாம் மறுமொழி தயாரித்து வைத்திருந்தேன். தகரத்தில் தேங்காய் விழுந்தது, சம்மாந்துறை மில்லில் ஏதோ வெடித்தது, இடி முழங்கியது, எது பொருந்துமோ அது.

"மருமகன், நேத்து முதல் வெடி போட்டது நீங்களா?"

"ஓம்... இல்ல... மாமாட சைக்கிள்."

மௌத்தான மனிசன் மேலேயே பழியைப் போட்டேன். மரைக்காயர் சிரிக்கவில்லை. நேரத்துக்கு முன்னால் திறந்ததால் தெருவோடு எல்லாருடைய நோன்பும் முறிந்துபோயிற்று, பெருநாளைக்குப் பிறகு எல்லாரும் ஒரு நோன்பைக் கழாவாகத் திருப்பிப் பிடிக்கவேண்டும் என்றார். பிறகு, "இந்தச் சாமான இரும்புக்காரனுக்குக் குடுத்திருங்க. ஒரு ஊருக்கு ஒரு வெடி போதும்" என்றார்.

"இப்பவே குடுக்கிறன்" என்றேன், அவர் வாய் மூடுமுன். பயத்தில் என் வாய் எப்போதும் என்னைவிட முன்னால் ஓடும். சொன்ன பிறகுதான் நெஞ்சுக்குள் ஒன்று கழன்று விழுந்த மாதிரி இருந்தது. அந்த வீட்டில் எனக்கென்று இருக்கப்போன ஒரே சாமானை நானே விட்டுக்கொடுத்துவிட்டேன்.

கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து மாமியின் குரல் வந்தது.

"புள்ள, மரைக்காயரிட்டச் சொல்லு, எல்லார்ர நோன்பும் முறியல்ல. என்ட நோன்பு முறியல்ல."

மனைவி சொல்லத் தேவையிருக்கவில்லை, எல்லாருக்கும் கேட்டது. வெடி கேட்டும் ஏன் திறக்கவில்லை என்று மரைக்காயர் கேட்டார்.

"அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். அவரு இறக்காமத்தால வரக்குள்ள நம்மட தெரு முனையில அது அப்பிடித்தான் வெடிக்கும். அதக் கேட்டுத்தான் நான் அவருக்குச் சோறு போடுற. நேத்தும் எழும்பிப் போய் அவர்ர சோத்துப் பீங்கானக் கழுவிட்டன். கழுவின பிறகுதான் நினைவு வந்த."

வேலியில் இருந்த தலைகள் ஒன்றொன்றாகத் தாழ்ந்தன. மரைக்காயர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார். "அந்த மனிசன் என்னையும் பின்னால ஏத்திட்டு வந்திரிக்காரு" என்றார் மெதுவாக. "முனையில அது வெடிக்கக்குள்ள ஒவ்வொரு தரமும் உசிர் போகப்போகுது எண்டு நான் கலிமாச் சொல்லிரிக்கன்." பிறகு என் பக்கம் திரும்பி, சைக்கிள் கிடக்கட்டும், ஆனால் நோன்பு முடியும் வரைக்கும் மஃரிபுக்கு முன்னால் அதில் கால் வைக்கப்படாது என்று தீர்ப்புச் சொல்லி எழும்பினார்.

அவர் வாசல் படலையைத் தாண்டியதும் திரை விலகியது.

"மருமகன்."

யாரையென்று நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். சுவர்தான் இருந்தது.

"சரியாத் திருத்துங்க. ஆனா அந்தச் சத்தத்த முழுசா நிப்பாட்டிராதீங்க."

நான் மனைவியைப் பார்த்து, "ஓம் எண்டு சொல்லு" என்றேன்.

"நீங்களே சொல்லுங்க" என்றாள் அவள்.

அன்று மாலை பள்ளி வெடி சரியான நேரத்துக்கு வெடித்தது. ஒருவரும் வாயில் எதையும் வைக்கவில்லை. வேலிக்கு மேலே தலைகள் எழும்பி என்னைப் பார்த்தன. நான் பாயில் குந்தியபடி இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினேன். அதுவும் அவர்களுக்குப் போதவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து ஒரு குரல், "மாமி, இது எது?" என்று கேட்டது.

மாமி பேரீச்சம்பழத்தை வாயில் வைத்துக்கொண்டு, "இது பள்ளி" என்றா. அதற்குப் பிறகுதான் தெரு தண்ணீர் குடித்தது.

சைக்கிளைக் கட்டை வண்டியில் ஏற்றிச் சம்மாந்துறைக்குக் கொண்டுபோய், டிராக்டர் திருத்துகிற மெக்கானிக் பாஸ் ஒருவரிடம் காட்டினேன். பொறி விழுகிற நேரம் பிழையாக இருக்கிறது, ஒரு நொடியில் சரிப்படுத்திவிடலாம் என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, முழுக்கச் சரிப்படுத்த வேண்டாம், கொஞ்சம் பிழை மிச்சம் வையுங்கள் என்றேன். அவர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். நோன்பு கடுமையோ என்று கேட்டார்.

பெருநாளன்று தொழுதுவிட்டு, புதுச் சட்டையோடு இறக்காமம் வரைக்கும் போய்த் திரும்பினேன். வழியில் அது நின்றது என்னவோ உண்மை. தள்ளினேன் என்பதும் உண்மை. ஆனால் எங்கள் தெரு முனைக்கு வரும்போது ஓடிக்கொண்டுதான் வந்தேன். முனையில் திருப்பி, பெற்றோலைக் குறைத்தேன். டமார் என்றது. "மருமகன், நோன்பு திறக்கலாமா?" என்று யாரோ வேலிக்கு மேலால் கத்தினார். தெருவே சிரித்தது.

சைக்கிளைக் கொட்டிலில் விட்டுவிட்டு உள்ளே போனேன். பாயில் ஒரு பீங்கான் கழுவின ஈரத்தோடு இருந்தது. குசினிக்குள்ளிருந்து மாமியின் குரல் கேட்டது.

"புள்ள, அவருட்டச் சொல்லு, சோறு ஆறுது."