தம்பியின் கோபத்துக்குள் இருந்த பயம்

இன்றும் பூட்டில் சாவியை நுழைப்பதற்கு முன் ஒரு கணம் நின்று காது கொடுக்கிறேன். உள்ளே யாரும் இல்லை என்று தெரியும். இருந்தாலும் நிற்கிறேன்.

திருக்கோகர்ணத்தில் ஒரு மாடி வீட்டில் நானும் தம்பியும் வாடகைக்கு இருந்தோம். எனக்கு அலுவலக வேலை, அவனுக்கு மொபைல் கடையில். அம்மா திருவரங்குளத்தில் இருந்தாள். நல்ல நாளில் அவனைப் போல ஒருவன் கிடையாது. மீன் குழம்பு வைத்து, முள் எடுத்து என் தட்டில் வைப்பான். பஸ் தாமதமாகி நான் இருட்டியபின் வந்தால் அதே குழம்புச் சட்டி சுவரில் போய் விழும்.

“ஒனக்கு நான் வேணாம்ல? எங்கிட்டாச்சும் போ!”

கொஞ்ச நேரத்தில் என் காலைப் பிடித்துக்கொண்டு, “விட்டுட்டுப் போயிராதக்கா” என்று அழுவான். உள்ளே இருப்பது எந்தத் தம்பி என்று தெரியாமல்தான் நான் வாசலில் நிற்பேன்.

அம்மா அவனைக் குறி சொல்லும் கோடாங்கியிடம் கூட்டிப்போய்க் கயிறு கட்டினாள். செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டோம் என்றார் சித்தப்பா. நான் தோழியின் கல்யாணத்துக்கு மதுரை போய்த் திரும்பிய சாயங்காலம் அவன் குளியலறைத் தரையில் உட்கார்ந்திருந்தான். கையெல்லாம் ரத்தம். அவனே கிழித்துக்கொண்டது. ஆட்டோவில் என் தோளில் சாய்ந்து, “நீ வரமாட்டேன்னு நெனச்சேன்” என்றான்.

தையல் போட்டபின் மனநல மருத்துவரிடம் அனுப்பினார்கள். அந்த டாக்டரம்மா அவசரப்படவில்லை. பல தடவை அவனைப் பேசவிட்டுக் கேட்ட பிறகே எங்களிடம் சொன்னார்.

“இது பேயும் இல்ல, திமிரும் இல்லங்க. ஆளுமைக் கோளாறு. நமக்கு வருத்தமா வர்றது அவருக்கு வெள்ளமா வருது. விட்டுட்டுப் போயிருவாங்களோங்கிற பயந்தான் கோவமா வெளிய வருது.”

“மாத்திரையில சரியாயிருமா டாக்டர்?” அம்மா கேட்டாள்.

“மாத்திரை தூக்கத்துக்கும் பதட்டத்துக்கும் கொஞ்சம் ஒத்தாசை, அவ்வளவுதான்மா. பேச்சுதான் வைத்தியம். வாராவாரம், ரொம்ப நாளைக்கு. தேறி வந்தவங்க நெறையப் பேரு இருக்காங்க.”

வாரம் ஒருமுறை திருச்சிக்குப் போய் உளவியல் ஆலோசகரைப் பார்த்தான். வெள்ளம் ஏறும்போது ஐஸ் கட்டியைக் கையில் பிடிப்பது, மூச்சை எண்ணுவது, மனதில் இருப்பதைத் தட்டை எறியாமல் வாயால் சொல்வது என்று ஒவ்வொன்றாகப் பழகினான். எனக்கும் பாடம் இருந்தது: வருகிற நேரத்தைச் சரியாகச் சொல்ல வேண்டும், அவன் கத்துவதற்குப் பயந்து என் வேலையை விட்டு ஓடிவரக் கூடாது. நடுவில் “எல்லாம் ஏமாத்து” என்று நிறுத்தினான். அந்த மழைக்காலம் முழுவதும் வீடு பழையபடி ஆனது. பிறகு ஒரு காலை, யாரும் சொல்லாமல், தானே சட்டையை மாட்டிக்கொண்டு திருச்சி பஸ் ஏறினான்.

இப்போது ஜெகதாப்பட்டினத்தில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறான். போன ஞாயிறு அலைபேசியில், “இந்த வாரம் வர முடியலடா” என்றேன்.

“கோவம் வருதுக்கா. வச்சிட்டு அப்பறமா கூப்பிடுறேன்.”

அலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். உலையில் சோறு குழைந்துபோனது. கடைசியில் மணி அடித்தது.

“பயந்துட்டியா?”

“இல்லடா.”

“பொய் சொல்லாதக்கா,” என்றான். “நானும்தான் பயந்தேன்.”